ராக் அண்ட் ரோலுக்கு முன்பே பாட்டால் அரசை மிரட்டிய கரிசல் கலைஞர்: யார் இந்த விஸ்வநாத தாஸ்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கோவில் திருவிழா என்றால் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகம் நினைவுக்கு வரும். நூறு வருஷத்துக்கு முன் அதே நாடகத்தில் முருகன் வேஷம் கட்டி, பிரிட்டிஷ் போலீஸைத் தூங்கவிடாமல் செய்தவர் தியாகி விஸ்வநாத தாஸ். அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

சிவகாசியில் பிறந்தவர்

1886 ஜூன் 16-ல் சிவகாசியில் பிறந்தார். முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். பின்னர் திருமங்கலம் அவருடைய ஊரானது. படிப்பை விட பாட்டுதான் அவரை இழுத்தது. அப்போது மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாடினால்தான் நடிகர். விஸ்வநாத தாஸுக்கு அந்தக் குரல் இருந்தது.

நாடகத்துக்குள் அரசியல் வந்தது எப்படி?

1919 ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் அதைப் பாட்டாக எழுதினார். விஸ்வநாத தாஸ் மேடையில் பாடினார். செய்தித்தாள் படிக்கத் தெரியாத சம்சாரிக்கும் பஞ்சாபில் நடந்தது புரிந்தது.

இன்னொரு பாட்டு இன்னும் பிரபலம். வள்ளி கதையில் தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி உண்டு. அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு. கொக்கு என்றால் வெள்ளைக்காரன் என்று கூட்டத்துக்குச் சட்டெனப் புரிந்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் அது பறவைப் பாட்டுதான். இதுதான் அதிகாரிகளுக்குப் பெரிய தலைவலி.

நாடகங்களைத் தடை செய்ய 1876-லேயே பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டிருந்தது. ஆனாலும் அவர் நிறுத்தல. கதர் உடுத்தினார், பாடினார், கைதானார். வெளியே வந்ததும் மறுபடியும் மேடை. இப்படிப் பலமுறை சிறை சென்றார்.

சாதி விட்டுவைத்ததா?

இல்லை. முருகனாக மேடை ஏறியபோது கும்பிட்ட கூட்டத்திலேயே, வேஷம் கலைந்ததும் அவரைத் தள்ளி நிறுத்தியவர்கள் இருந்தார்கள். அவருக்கு ஜோடியாக வள்ளி வேஷம் கட்ட நடிகைகள் பலர் மறுத்தனர். சிலர் மட்டுமே துணிந்து சேர்ந்து நடித்தனர். வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடிய குரல், அதே மேடையில் நம்ம ஊர் சாதியையும் எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

இதே மாதிரி ஒரு கதை 1950-களில் அமெரிக்காவிலும் நடந்தது. அங்கே தென் மாநிலங்களில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே அரங்கில் தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும். பல இடங்களில் நடுவே கயிறு கட்டியிருப்பார்கள். சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் ராக் அண்ட் ரோல் இசைக்கு வெள்ளை இளைஞர்களும் ஆடத் தொடங்கினார்கள். பெற்றோர்கள் பயந்தார்கள், சில ஊர்களில் கச்சேரிக்கே தடை வந்தது. பாட்டைப் பிடித்தது, ஆனால் பாடியவருக்குச் சம இடம் தர மனசு வரல. இரண்டு ஊரிலும் சிக்கல் இதுதான்.

மேடையிலேயே முடிந்த வாழ்க்கை

வழக்கு, சிறை, தடை என்று தொழில் அடிபட்டது. கடன் ஏறியது. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகம். முருகன் வேஷத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. வயது 54. சுதந்திரத்துக்கு இன்னும் ஆறரை வருஷம் இருந்தது.

இன்று அவரை எங்கே பார்க்கலாம்?

திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு, அரசு நினைவு இல்லமாக உள்ளது. பாட்டு மட்டுமே சாதியை ஒழித்துவிடாது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. ஆனால் தள்ளி வைக்கப்பட்ட ஒருவரின் குரலை ஊரே ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டது. அடுத்த முறை திருவிழாவில் வள்ளி திருமணம் பார்த்தால், முருகன் மேடை ஏறும்போது இவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.