குருதிக்குழாயைத் தைத்தவர்

1894ஆம் ஆண்டு சூன் திங்கள் 24ஆம் நாள், பிரான்சு நாட்டின் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெரிய சிரை அறுபட்டது. மருத்துவர்கள் சூழ நின்றும் குருதிப்பெருக்கை நிறுத்த இயலவில்லை. நள்ளிரவு கடந்ததும் அவர் உயிர் பிரிந்தது. அந்நகரில் மருத்துவம் பயின்றுவந்த இளைஞர் அலெக்சிஸ் காரெலின் உள்ளத்தை இந்நிகழ்வு வாட்டியது. கிழிந்த துணியைத் தைக்க முடியுமாயின், அறுந்த குருதிக்குழாயை ஏன் தைக்க முடியாது என அவர் எண்ணினார்.

அக்காலத்தில் அஃது எளிதன்று. தடித்த ஊசி குழாயின் உட்சுவரைச் சிதைக்கும்; தைத்த இடத்தில் குருதி உறைந்து வழியை அடைக்கும். ஆதலால், கைக்குச் செல்லும் தமனி சிதைந்தால் அதனைக் கட்டிவிடுவதே மருத்துவர் அறிந்த வழி. குருதியோட்டம் குன்றிச் சிலருக்குக் கை அழுகும். அதனை வெட்டி அகற்ற நேரும்.

1873இல் லியோனை அடுத்த ஊரில் பிறந்தவர் காரெல். பட்டுக்குப் பெயர்பெற்ற அந்நகரின் பூத்தையல் வல்ல பெண்மணி ஒருவரிடம் அவர் ஊசி பிடிக்கக் கற்றார். 1902இல் தம் முறையை வெளியிட்டார். இணைக்க வேண்டிய இரு குழாய்களின் வட்ட வாய்களைச் சம தொலைவில் மூன்று இடங்களில் தைத்து, அந்நூல்களை இழுத்துப் பிடித்தார். வட்டம் முக்கோணமாயிற்று. நேரான மூன்று பக்கங்களையும் நுண்ணூசியாலும் வாசலின் தடவிய பட்டுநூலாலும் தைத்தார்.

பின்னர் அமெரிக்கா சென்ற காரெல், 1906 முதல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். 1908இல், குருதிக் கசிவால் உயிருக்குப் போராடிய பச்சிளங்குழந்தை ஒன்றின் காற்சிரையைத் தந்தையின் கைத்தமனியோடு இணைத்துத் தைத்தார். தந்தையின் குருதி பாய்ந்தது, குழந்தை பிழைத்தது. 1912இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

ஆயினும், மனிதரைத் தகுதியுடையோர், தகுதியற்றோர் எனப் பிரிக்கும் கொள்கையை அவர் பிற்காலத்தில் ஆதரித்தார். உயிர்காக்கும் கலை கண்டவரின் வாழ்வில் அது நீங்காக் களங்கமாயிற்று. 1944இல் பாரிசில் அவர் மறைந்தார்.

காறை எலும்பின் கீழ்ச் செல்லும் தமனியே கைக்குக் குருதி தருவது. அஃது அடைபட்டால் கை விரைவில் சோர்வுறும், மரத்துப்போகும். சிலருக்குத் தலைசுற்றலும் தோன்றும். இத்தகையோர் சிலருக்கு மாற்றுவழி அறுவை மருத்துவம் செய்யப்படுகிறது. கழுத்துத் தமனியிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்து, அடைப்புக்கு அப்பால் கைத்தமனியோடு இணைப்பர். தூர்ந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் புதுக்கால் வெட்டி வயலுக்கு நீர் விடுவது போன்றது இது. கசிவும் உறைவும் இன்றி அவ்விரு முனைகளையும் பொருத்தும் கலைக்குக் காரெலின் தையலே அடித்தளம். ஒருகாலத்தில் வெட்டி அகற்றப்பட்டிருக்கக்கூடிய கை, இன்று மீண்டும் ஏர் பிடிக்கிறது, எழுதுகோலும் பிடிக்கிறது.