மும்முறைத் தாண்டல் வீரர் ஹென்றி ரெபெல்லோ

வென்றவர்களின் வரலாறு எங்கும் எழுதப்படுகிறது. வெல்லும் தகுதி இருந்தும் வெற்றி கை நழுவிப் போனவர்களின் வரலாறு மாணவர்களாகிய நமக்கு அதனினும் பயன் தருவது என்பது என் எண்ணம். அத்தகையோருள் ஒருவர் ஹென்றி ரெபெல்லோ.

இவர் 1928ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் லக்னோவில் பிறந்தார். இவர் தேர்ந்துகொண்டது மும்முறைத் தாண்டல். வேகமாக ஓடிவந்து, பலகையில் கால் ஊன்றி எழும்பி, அதே காலில் இறங்கி, மறு காலுக்குத் தாவி, பின்னர் மணற்குழியில் பாய வேண்டும். உடலின் பாரமும் ஓட்டத்தின் வேகமும் ஒற்றைக் காலில் வந்து இறங்கும் கடுமையான போட்டி இது. 1948இல் லக்னோ தேசிய விளையாட்டுப் போட்டியில் ரெபெல்லோ 50 அடி 2 அங்குலம், அதாவது 15.29 மீட்டர் தாண்டினார். அப்போது அவருக்கு வயது 19.

அவ்வாண்டே இலண்டனில் ஒலிம்பிக் நடைபெற்றது. சுதந்திர இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. ஆகஸ்டு 3ஆம் நாள் தகுதிச் சுற்றில் தேறி, ரெபெல்லோ இறுதிச் சுற்றை அடைந்தார். உடலைச் சூடேற்றிக்கொண்டு ஓடத் தொடங்கும் வேளையில், வேறொரு போட்டியின் பரிசளிப்பு நடப்பதால் காத்திருக்குமாறு அதிகாரி ஒருவர் பணித்தார். காத்திருந்த நேரத்தில் தசைகள் குளிர்ந்து இறுகின. பரிசளிப்பு முடிந்ததும் உடனே அழைப்பு வந்தது. மீண்டும் உடலைத் தயார் செய்யாமலே அவர் ஓடினார். பலகையில் ஊன்றி எழும்பியபோது பின்தொடைத் தசை கிழிந்தது. மைதானத்திலிருந்து அவரைத் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று.

அன்று சுவீடனின் ஆர்னே ஓமன் 15.40 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். மூன்றாம் இடம் பெற்ற துருக்கி வீரரின் தூரம் 15.02 மீட்டரே. லக்னோவில் தாண்டிய தூரத்தை ரெபெல்லோ அங்கும் தாண்டியிருந்தால் வெண்கலம் அவருடையதே! சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கத்திற்கு 1952இல் மல்யுத்த வீரர் ஜாதவ் வரும்வரையும், தடகளப் பதக்கத்திற்கு 2021இல் நீரஜ் சோப்ரா வரும்வரையும் நாடு காத்திருக்க நேர்ந்தது.

நான் பட்டுத் தறிகள் நிறைந்த கண்ணமங்கலத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் நெய்கிறவர் எழுந்து போய்ச் சிறிது நேரம் கழித்துத் திரும்பினாலும், பாவின் இறுக்கத்தைக் கையால் தடவிப் பார்த்த பிறகே நாடாவை ஓட்டுவார். அவசரப்பட்டால் இழை அறும். அறுந்த இழையைப் பிணைத்துவிடலாம், தசை அப்படியன்று.

ரெபெல்லோ மறுபடி ஒலிம்பிக் களம் காணவில்லை. ஆனால் மனம் ஒடிந்து மூலையில் முடங்கிவிடவும் இல்லை. இந்திய விமானப்படையில் பணியாற்றி குரூப் கேப்டனாக உயர்ந்தார். பின்னாளில் இளம் விளையாட்டுத் திறமைகளைக் கண்டெடுக்கும் அரசுப் பணியிலும் ஈடுபட்டார். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மறைந்தார்.

விளையாட்டு விழாக்களில் சிறப்பு விருந்தினரின் வருகைக்காகவும் உரைக்காகவும் ஓட்டக்காரர்கள் கோட்டருகே நிற்பது நாம் அறிந்ததே. விழா நடத்தும் பெரியோர்கள் அவர்களுக்கு மீண்டும் உடலைச் சூடேற்றப் பத்து நிமிடமேனும் தருவார்களாக! போட்டியிடும் தோழர்களும் அதைத் தயங்காமல் கேட்பார்களாக! ரெபெல்லோவுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.