வணிகரைக் கேட்டு நீதி சொன்ன மான்ஸ்பீல்டு பிரபு

கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்து கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்கு ஒரு கவலை உண்டு. நம் கடைத்தெரு வழக்கம் அங்கே எடுபடுமா என்பதே அது. இங்கிலாந்து வணிகருக்கும் ஒரு காலத்தில் இதே கவலை இருந்தது. அதற்கு வழி கண்டவர் மான்ஸ்பீல்டு பிரபு. அன்னாரின் வரலாறு வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டியதாகும்.

இயற்பெயர் வில்லியம் மர்ரே. 1705-ல் ஸ்காட்லாந்திலுள்ள ஸ்கோன் என்னும் ஊரில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் லண்டனுக்குப் படிக்க வந்தார். 1730-ல் வழக்கறிஞராகி, 1756-ல் கிங்ஸ் பெஞ்சு நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியானார். 32 ஆண்டுகள் அப்பதவி வகித்தார்.

அந்நாளில் வியாபார வழக்குகளையும் பன்னிரண்டு ஜூரர்களே தீர்த்து வந்தார்கள். சாட்சியம் முழுவதையும் நீதிபதி அவர்கள் முன் கொட்டி விடுவார். அவர்கள் யாராவது ஒருவர் பக்கம் சொல்லுவார்கள், காரணம் சொல்வதில்லை. இன்று ஒரு முடிவு, நாளை அதே மாதிரி வழக்கில் வேறு முடிவு. சரக்கு அனுப்புகிறவன் எதை நம்பி அனுப்புவான்?

மான்ஸ்பீல்டு, லண்டன் கில்டுஹால் மண்டபத்தில் வழக்குக் கேட்கையில், தொழில் தெரிந்த வணிகர்களையே விசேஷ ஜூரர்களாக அமர்த்தினார். சிலர் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர்களை விருந்துக்கும் அழைத்து, உண்டியல் எப்படிக் கைமாறுகிறது, கப்பல் இன்ஷூரன்ஸ் எப்படி நடக்கிறது என்றெல்லாம் விசாரித்துக்கொள்வார். நடைமுறை இன்னது என்று அவர்கள் சொல்ல, அதிலிருந்து எல்லோருக்கும் பொதுவான விதியை அவர் வகுத்தார்.

நமக்குப் பக்கத்துச் சுமத்ராவைப் பற்றிய வழக்கும் அவரிடம் வந்தது. பென்கூலனில் ஆங்கிலேயர் கோட்டையின் கவர்னர் கார்ட்டர் என்பவர், கோட்டை எதிரி கையில் விழுந்தால் ஈடு கிடைக்கும்படி லண்டனில் இன்ஷூரன்ஸ் செய்திருந்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டார்கள். பணம் கேட்டபோது, கோட்டையின் பலவீனத்தை மறைத்து விட்டார் என்று இன்ஷூரன்ஸ்காரர் போம் மறுத்தார். வணிக ஜூரர்கள் கார்ட்டர் பக்கமே சொன்னார்கள். மறு விசாரணை வேண்டும் என்று போம் கேட்க, 1766-ல் மான்ஸ்பீல்டு மறுத்து விட்டார். தனக்கு மட்டுமே தெரிந்த முக்கியச் செய்தியை மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது; ஆனால் யுத்த காலத்து அபாயத்தைத் தெரிந்தே பணம் வாங்கிக்கொண்டு, நஷ்டம் வந்த பின் சாக்குச் சொல்லலாகாது என்பது அவர் கண்ட விதி. இன்ஷூரன்ஸ் வழக்குகளில் இன்றும் அந்தத் தீர்ப்பைச் சொல்லுகிறார்கள்.

1780-ல் லண்டனில் கத்தோலிக்கருக்கு விரோதமாக எழுந்த கலகத்தில் அவர் வீட்டையே கொளுத்தினார்கள். கத்தோலிக்கருக்கு அனுகூலமானவர் என்ற கோபம்தான் காரணம். புத்தகங்களும் கையெழுத்துக் குறிப்புகளும் சாம்பலாயின.

இத்தனை செய்தவரிடம் நமக்கு ஒரு குறையும் உண்டு. அரசாங்கத்தைத் தாக்கி எழுதிய பத்திரிகை வழக்குகளில், அச்சிட்டது யார் என்பதை மட்டும் ஜூரர்கள் சொன்னால் போதும், எழுத்து குற்றமா என்பதை நீதிபதியே தீர்மானிப்பார் என்றார். இன்ஷூரன்ஸ் கணக்கில் நம்பிய அதே ஜனங்களை இதில் நம்பவில்லை! 1770-ல் ஒரு பத்திரிகைக்காரர் வழக்கில் ஜூரர்கள், அச்சிட்டு வெளியிட்ட குற்றம் மாத்திரமே உண்டு என்று சாமர்த்தியமாகச் சொல்லி அவரைத் திக்குமுக்காட வைத்தார்கள்.

1788-ல் பதவி விலகினார். 1792-ல் பார்லிமெண்டு சட்டம் செய்து, அவ்வழக்குகளில் முழு முடிவையும் ஜூரர்களிடமே கொடுத்தது. மறு வருஷம் மார்ச்சில் மான்ஸ்பீல்டு காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.