சிரிக்க வைத்த பினாங்குப் பையன்: பி. ரம்லி

ஹரி ராயா விடுமுறையில் தொலைக்காட்சியைத் திறந்தால் எந்த அலைவரிசையிலாவது ஒரு கறுப்பு வெள்ளை மலாய்ப் படம் ஓடும். ஒல்லியான உடம்பு, முகத்தில் பருத் தழும்புகள், எதையோ மறைக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அவர் யார் என்று இந்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பள்ளிப் பாடநூலில் பி. ரம்லியைப் படித்திருக்கிறோம், அவர் பெயரில் உள்ள சாலையில் நடந்திருக்கிறோம். ஆனால் அவர் எப்படி இயக்குநர் ஆனார், அந்தக் கதையில் இந்தியர்களுக்கு என்ன பங்கு, கடைசி ஒன்பது ஆண்டுகள் ஏன் அப்படிக் கசந்தன என்பதைப் பாடநூல் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறது.

இயற்பெயர் தெங்கு சக்கரியா. 1929 மார்ச் 22ல் பினாங்கில் பிறந்தார். தந்தை தெங்கு ஞாக் பூத்தே, சுமத்ராவின் அச்சே பகுதியிலிருந்து வந்தவர். தாயார் செ மா, கடலுக்கு இக்கரையில் பட்டர்வொர்த் பக்கத்துப் பெண். பெயரின் முன்னால் நிற்கும் 'பி' என்பது அப்பாவின் பூத்தேதான். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது ஜப்பானியர் வந்தனர், படிப்பு தடைபட்டது. ஜப்பானியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். போர் முடிந்து திரும்பிய பையனுக்குப் பாடப் புத்தகத்தைவிடப் பாட்டிலும் வயலினிலும்தான் கவனம். மேடைகளில் பாடினார், வானொலிப் பாட்டுப் போட்டியில் கலந்துகொண்டார், சொந்தமாக மெட்டுப் போட்டார்.

1948ல் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் அவர் பாடுவதைக் கேட்டவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். இந்தியாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் மலாய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர். கையோடு அழைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 19 வயது ரம்லி சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த ஸ்டூடியோவில் போய் நின்றார். முதல் படம் 'சிந்தா'. அதில் அவர் வில்லன். அதோடு கதாநாயகன் வாயசைக்கப் பின்னணியில் பாடியதும் அவரே. குரல் வேண்டும், முகம் வேண்டாம் என்ற கணக்கு.

அந்த ஸ்டூடியோ எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதலாளிகள் ஷா சகோதரர்கள், சீனர்கள். நடிகர்கள் மலாய்க்காரர்கள். இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டவர்கள்: ராஜ்ஹான்ஸ், பி. என். ராவ், எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர், பிறகு வங்காளத்துப் பாணி மஜும்தார். கூடவே, மலாயாவில் வளர்ந்த தமிழரான எல். கிருஷ்ணன். அன்றைய மலாய்ப் படங்களில் பாட்டும் கண்ணீரும் பிரிந்த குடும்பமும் நம் ஊர்ப் படங்கள் போலவே இருப்பதற்கு இதுதான் காரணம். இன்று நம்மில் சிலர் மலாய்ப் படம் நமக்கு எதற்கு என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு வரலாற்றில் இடம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முகத்தைப் பற்றிய கணக்கை மாற்றியவர் எல். கிருஷ்ணன். 1950ல் வந்த 'பக்தி' படத்தில் ரம்லியைக் கதாநாயகன் ஆக்கினார். அதற்குமுன் வந்த கதாநாயகர்களுக்குப் பக்கத்தில் நின்றால் ரம்லி அழகர் இல்லை. ஆனால் நடிப்பு மேடை நாடகத்தின் உரத்த பாணியில் இல்லாமல், நாம் வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது. அவர் பாட்டுக்கும் இன்னொருவர் தேவைப்படவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளில் வரிசையாக நாயகன். இந்தக் காலத்தில் நடிப்பதோடு நிற்காமல் கேமரா எங்கே வைக்கிறார்கள், எதை வெட்டி எதை ஒட்டுகிறார்கள் என்று ஸ்டூடியோவைச் சுற்றிச் சுற்றிக் கற்றுக்கொண்டார். திரைப்படக் கல்லூரி என்று ஒன்று இல்லாத ஊரில் அவருக்கு அதுதான் கல்லூரி.

1955ல் 'பெனாரிக் பெச்சா' படத்தை இயக்கும் வாய்ப்பு கிடைத்தது. ரிக்‌ஷா மிதிக்கும் ஏழை இளைஞனும் பணக்கார வீட்டுப் பெண்ணும் என்ற பழகிய கதைதான். ஆனால் அந்த ரிக்‌ஷாக்காரனின் வீடு நிஜமான ஏழை வீடு மாதிரி இருந்தது. படம் நன்றாக ஓடியது. மலாய்க்காரருக்கு நடிக்கத்தான் தெரியும், இயக்கத் தெரியாது என்ற பேச்சு அத்தோடு தேய ஆரம்பித்தது.

நகைச்சுவைக்கு வருவோம். 1957ல் 'புஜாங் லாப்போக்'. வயது ஏறியும் கல்யாணம் ஆகாத மூன்று பிரம்மச்சாரிகள்: ரம்லி, எஸ். ஷம்சுதீன், அஜீஸ் சத்தார். வாடகை அறை, காலிப் பை, பெரிய கனவு. இந்த மூவர் கூட்டணி மேலும் மூன்று படங்களுக்கு வந்தது. 'பெண்டேக்கார் புஜாங் லாப்போக்' 1959ல் கோலாலம்பூரில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்வானது. அதில் ஒரு முதியோர் கல்வி வகுப்பு வரும். எழுதப் படிக்கத் தெரியாத வளர்ந்த ஆண்கள் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, கடைசியில் சம்பந்தமே இல்லாத சொல்லில் வந்து நிற்பார்கள். நாம் சிரிப்போம். ஆனால் சுதந்திரம் கிடைத்து இரண்டே ஆண்டு ஆன நாட்டில், படிக்கத் தெரியாத பெரியவர்கள் நிறைந்திருந்த காலத்தில் அந்தக் காட்சி வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது 1961ல் வந்த 'செனிமான் புஜாங் லாப்போக்'. மூன்று பேரும் நடிகராக வேண்டும் என்று ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கே வேலை கேட்டுப் போகிறார்கள். அதாவது ரம்லி தன் சொந்த வேலையிடத்தையே கேலிக்கு எடுத்துக்கொண்டார். வாயிலில் ஒரு சிங் காவலாளி, உள்ளே பொறுமை இழக்கும் இயக்குநர் அகமட் நிஸ்ஃபு, நடிகர்களின் பகட்டு எல்லாம் படத்தில் உண்டு. இரவில் ரம்லி வசனம் மனப்பாடம் செய்ய உட்காருவார். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை, இன்னொரு வீட்டில் டிரம்பெட், இன்னொருவர் மோட்டார் சைக்கிளை முடுக்குவார். ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு கதவைத் தட்ட வைத்து, ஒன்று அடங்கும்போது அடுத்தது கிளம்பும். விரல் சொடுக்கும் நேரத்தில் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சரியாக வரும். தேர்வுக்குப் படிக்கும் யாருக்கும் அந்த இரவு புரியும்.

அந்த ஸ்டூடியோவின் இன்னொரு பக்கமும் அவருக்குத் தெரியும். கலைஞர்கள் சங்கம் அமைத்து, 1957ல் வேலைநிறுத்தம் நடந்தபோது அந்தச் சங்கத்தின் முன்னணியில் ரம்லியும் இருந்தார். முதலாளிக்கு லாபம் ஈட்டித் தரும் நட்சத்திரம், தொழிலாளிகளோடு நின்றார்.

சிரிப்பை மட்டும் வைத்து அவரை அளந்துவிட முடியாது. பாணி மஜும்தார் இயக்கிய 'அனாக்கு சசாலி'யில் தந்தை, கெட்டுப்போன மகன் என இரட்டை வேடம். அதற்கு 1957ல் தோக்கியோ ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது. 1962ல் அவரே இயக்கிய 'இபு மெர்துவாகு'வில் சாக்ஸபோன் வாசிக்கும் ஏழைக் கலைஞன் பார்வை இழக்கிறான். பார்வை திரும்பியதும் தன் மனைவி தனக்குச் சிகிச்சை செய்த டாக்டருக்கே மனைவியாக இருப்பதைக் கண்டு தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான். அதே ஆளா அந்த வாடகை அறைப் பிரம்மச்சாரி என்று நம்ப முடியாது. 1964ல் 'மாடு தீகா'. தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு மூன்று பசுக்களை நினைக்க வேண்டாம். மலாயில் மாடு என்றால் சக்களத்தி. மூன்று மனைவிகளிடம் பொய் சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கும் கணவனாக ரம்லி ஓடுகிற ஓட்டம், பலதார மணம் பற்றிய பல சொற்பொழிவுகளுக்குச் சமம்.

தமிழ்த் திரையில் இவருக்கு ஒப்புமை தேடினால் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்தான் முதலில் வருகிறார். அவரும் சிரிப்பு நடிகர், பாடகர். 'மணமகள்', 'பணம்' என்று இயக்கவும் செய்தார். கலைவாணர் மறைந்தது 1957 ஆகஸ்டு 30, மலாயா சுதந்திரம் பெறுவதற்கு முந்தின நாள். அப்போது அவருக்கு 48 வயது. ஐம்பதைத் தொடாமல் போனதிலும் இருவரும் ஒன்று.

1964ல் ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிளாங்கில் மெர்டேக்கா ஸ்டூடியோ இருந்தது. மிருகக்காட்சிசாலைக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்கள் எல்லாரும் அதன் பக்கத்தில்தான் போயிருக்கிறோம். இப்போது அது ஃபினாஸ் வளாகம். எங்கள் உலு யாமிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வந்துவிடும். அங்கே அவர் எடுத்தவை 18 படங்கள். முதல் படம் 'சித்தோரா', கடைசிப் படம் 1972ல் 'லக்சமானா டோ ரே மி'. ஜாலான் அம்பாஸில் இருந்த கைதேர்ந்த தொழில்நுட்பக் கூட்டம் இங்கே இல்லை. கருவிகளும் குறைவு, செலவுக்குப் பணமும் குறைவு. ஷம்சுதீனும் அஜீஸும் உடன் வரவில்லை. ஏ. ஆர். தொம்பெல், இப்ராஹிம் டின் என்று புதிய கூட்டாளிகளோடு 'டோ ரே மி' படங்களைத் தொடங்கினார். சிரிப்பு இருந்தது, ஆனால் பழைய மூவரின் ஒத்திசைவு இல்லை என்று நான் துணிந்து சொல்வேன்.

பழி எல்லாம் ரம்லி மேல் போடுவது நியாயமில்லை. 1963ல் இந்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டு தொடங்கிய இந்தோனேசிய மோதல், மலாய்ப் படங்களின் பெரிய சந்தையை மூடியது. ஹாங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வண்ணப் படங்கள் வந்து குவிந்தன. ரம்லி இயக்கியவை எல்லாம் கறுப்பு வெள்ளை. 1967ல் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவே மூடப்பட்டது. இளையோர் கிட்டார் பிடித்துப் பாடும் பாப் யே யே குழுக்களுக்குப் பின்னால் போனார்கள். அவர் மெட்டுகள் பழசு என்று ஒதுக்கப்பட்டன. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் திடலில் திரை கட்டி நடமாடும் சினிமா வந்த காலம் அது. என் பாட்டிக்கு எம்ஜிஆரும் சிவாஜியும்தான் கண்கண்ட தெய்வங்கள். ரம்லியைப் பார்த்தது பின்னாளில் தொலைக்காட்சி வந்த பிறகுதான், அதுவும் மலாய் பாதி புரிந்தும் புரியாமலும். 'மாடு தீகா'வுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இந்தக் கஷ்ட காலத்தில் எடுத்த படங்களில் தமிழ் மாணவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டியது, 1968ல் வந்த 'கெரிமிஸ்'. தூறல் என்று பொருள். மலாய் இளைஞன் கமால், இந்திய நடனப் பெண் லீலா, இருவருக்கும் காதல். லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். இரண்டு குடும்பமும் ஏற்க மறுக்கின்றன. இனம் கடந்த திருமணத்தை இன்றும் நாம் குசுகுசுவென்றுதான் பேசுகிறோம். மே 13 கலவரத்துக்கு முந்தின ஆண்டில் அதைப் பெரிய திரையில் வைத்தவர், அதுவும் வெற்றிகள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வைத்தவர் ரம்லி.

1972க்குப் பிறகு அவருக்குப் படம் இல்லை. வண்ணப் படம் எடுக்க வேண்டும், சொந்த நிறுவனம் வேண்டும் என்று நண்பர்களோடு திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். 1973 மே 29 விடியலில் மாரடைப்பு. வயது 44. அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, நூற்றுக்கணக்கில் மெட்டமைத்தவரைக் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

மரியாதைகள் அதற்குப் பிறகுதான் வேகமெடுத்தன. தலைநகரின் ஜாலான் பேரி 1982ல் ஜாலான் பி. ரம்லி ஆனது. செத்தாப்பாக்கில் அவரும் பாடகி சலோமாவும் வாழ்ந்த வீடு 1986ல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. டான் ஸ்ரீ பட்டம் 1990ல், இறந்து 17 ஆண்டு கழித்து வந்தது. அதை வாங்கிக்கொள்ள சலோமாவும் இல்லை. 1983ல் அவரும் காலமாகி, அதே இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.