முப்பது வயதில் மாணவரானவர்

கையிலிருக்கும் உத்தியோகத்தை விட்டுவிட்டு மேற்படிப்புக்குப் போகலாமா, வேண்டாமா? நம் பங்கின் இல்லங்கள் பலவற்றில் எழுகின்ற கேள்வி இது. மாதம் பிறந்தால் வரும் சம்பளம் ஒருபுறம், மனத்தை உறுத்தும் ஆவல் மறுபுறம். இத்தகைய முடிவை நிதானமாக எடுத்த ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலர் வாயிலாகப் பங்கு மக்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். லூத்தரன் சபைப் போதகர். பெயர் ஆல்பர்ட் சுவைட்சர்.

அந்நாளில் ஜெர்மனியின் ஆட்சியிலிருந்த அல்சாஸ் பகுதியில், 1875 ஜனவரி 14 அன்று, ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். 1899-இல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இறையியலிலும் பட்டம் பெற்றார். ஆர்கன் வாசிப்பதிலும் பெரும் புகழ் அடைந்தார். 1903-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் புனித தோமையார் இறையியல் கல்லூரிக்கு முதல்வரானபோது அவருக்கு வயது 28. ஆண்டுக்கு 2000 மார்க் ஊதியம், குடியிருக்க வீடு, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பணி. இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன வேண்டும் என்று ஊரார் நினைத்தனர்.

ஆனால் 1896-ஆம் ஆண்டு பெந்தகோஸ்து விடுமுறையிலேயே, தம் 21-ஆம் வயதில், அவர் ஒரு தீர்மானம் செய்திருந்தார். முப்பது வயது வரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது. அதன்பின் துன்புறும் மக்களுக்கு நேரடியாகத் தொண்டு செய்வது. எந்தத் தொண்டு என்பது அப்போது அவருக்கே தெளிவாகவில்லை. ஆதரவற்ற சிறுவர்களையும் சிறையிலிருந்து விடுதலையானவர்களையும் பேண முயன்று பார்த்தார். 1904-இல் பாரீஸ் வேதபோதகச் சங்கத்தின் ஏடு ஒன்று தற்செயலாக அவர் மேசைக்கு வந்தது. ஆப்பிரிக்காவின் காபோன் பகுதியில் பணியாளர் பற்றாக்குறை என்று அதில் கண்டார். தேடல் அத்துடன் முடிந்தது. வாயால் போதித்தது போதும், இனிக் கையால் செய்ய வேண்டும் என்றெண்ணி மருத்துவராகத் துணிந்தார்.

1905 அக்டோபர் 13 அன்று பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் கடிதங்கள் எழுதித் தபாற்பெட்டியில் சேர்த்தார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. ஆர்கன் ஆசிரியர் விடோர், தளபதி ஒருவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சிப்பாய்களின் வரிசைக்குப் போவதா என்று கடிந்துகொண்டார். காதல் தோல்வியோ என்று சிலர் ஐயுற்றனர். மருத்துவப் பிரிவின் தலைவரோ, இவரை மனநோய் மருத்துவரிடம் அனுப்பலாமா என்று எண்ணினாராம்!

சுவைட்சர் ஒரே நாளில் எல்லாவற்றையும் உதறிவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். முதல்வர் பதவியை 1906-இல் விட்டார். விரிவுரையையும் மறையுரையையும் 1912 வரை தொடர்ந்தார். உடன் பணியாற்றும் ஆசிரியர் என்பதால் மருத்துவப் பேராசிரியர்கள் கட்டணமின்றி வகுப்பில் அமர இடமளித்தனர். மற்றச் செலவுக்கு ஆர்கன் கச்சேரிகளும் நூல்களும் கைகொடுத்தன. 1911-இல் அரசுத் தேர்வுக்குக் கட்ட வேண்டிய பணத்தையும் மியூனிக் நகரில் ஆர்கன் வாசித்தே ஈட்டினார். தம்மைவிட இளையவர்களோடு அமர்ந்து உடற்கூறு படித்த அவ்வாண்டுகள், களைப்போடு ஓயாது போராடிய ஆண்டுகளாயின. 1913-இல் மருத்துவ டாக்டர் பட்டம் கிடைத்தபோது வயது 38.

அவ்வாண்டே பெரிய வெள்ளியன்று மனைவி ஹெலனுடன் ஊரைவிட்டுப் புறப்பட்டார். அந்த அம்மையாரும் இப்பணிக்கென்றே செவிலியர் பயிற்சி பெற்றவர். ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனேயில் ஒரு பழைய கோழிக்கூடுதான் அவர்களுடைய முதல் மருத்துவ அறை. 1952-ஆம் ஆண்டுக்குரிய நோபல் சமாதானப் பரிசு கிட்டியபோது, அப்பணத்தைத் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் செலவிட்டார். 1965 செப்டம்பர் 4 அன்று, 90-ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். ஆப்பிரிக்க மக்களைச் சரிசமமாக அன்றி, இளைய சகோதரராகவே அவர் நடத்தினார் என்ற குறை சொல்லப்படுகிறது; அது நியாயமான குறையே. ஆயினும் அவரால் நலம் பெற்றோர் மிகப் பலர்.

நமக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. வேலையை விட்டுவிட்டுத் தம்மைப்போல் புறப்படலாமா என்று பிற்காலத்தில் பலர் அவரிடம் ஆலோசனை கேட்டனர். மிகச் சிலரையே அவர் ஊக்குவித்தார். இருக்கும் வேலை சலித்துவிட்டதால் வந்தவர்களையும், பெருஞ்செயல் புரிந்து பேர் வாங்க நினைத்தவர்களையும் இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார். எடுத்த காரியத்தை வீரச்செயலாக நினையாமல் கடமையாக நினைப்பவரே நிலைத்து நிற்பார் என்பது அவர் கண்ட உண்மை.

ஆகவே, இளைஞர்களே, படிப்பு எதற்காக என்பது தெளிவாகும் வரை பொறுத்திருங்கள். தெளிவானபின் வயதைக் காரணம் காட்டி நின்றுவிடாதீர்கள். செலவுக்கு வழி தேடிக்கொள்ளுங்கள், பெற்றோரிடம் மறைக்காதீர்கள். பெற்றோரே, மகனோ மகளோ இப்படி ஒரு முடிவோடு உங்கள் முன் வந்து நின்றால், சம்பளக் கணக்கைக் கேட்குமுன், எதற்காக என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வருமானால், உங்கள் ஆசீரைக் கொடுத்து அனுப்புங்கள்.