கேட் ஷெப்பர்டு அம்மையார்

பெண்களுக்கு வாக்குரிமை முதலில் கிடைத்த நாடு எது என்று கேட்டால், இங்கிலாந்து என்பார் சிலர். அமெரிக்கா என்பார் சிலர். உண்மையில், நாடு முழுவதற்குமாக அவ்வுரிமையை முதலில் வழங்கியது தென்கடலிலுள்ள சிறிய நியூசிலாந்து. அதற்காக உழைத்தவர்களுள் தலையாயவர் கேட் ஷெப்பர்டு அம்மையார்.

அம்மையார் லிவர்பூல் நகரில் பிறந்தவர். தந்தை மறைந்தபின், 1869-இல் தாயோடும் உடன்பிறந்தாரோடும் கப்பலேறி, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை அடைந்தார். அங்கே ஒரு வணிகரை மணந்து இல்லறம் நடத்தினார். குடியினால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு மனம் நொந்த பெண்கள் 1885-இல் மதுவிலக்குச் சங்கம் அமைத்தனர். அம்மையாரும் அதில் சேர்ந்தார். வாக்கில்லாதவரின் வேண்டுகோள் ஆள்வோர் செவியில் ஏறாது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். 1887-இல் சங்கத்தின் வாக்குரிமைப் பணிக்கு அம்மையார் பொறுப்பேற்றார்.

கடிதம், துண்டு வெளியீடு, கையொப்பம் ஆகியவையே அவருடைய படைக்கலங்கள். தோழியர் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்றனர். 1891-இல் 9,000-க்கு மேற்பட்ட பெண்கள் கையொப்பமிட்டனர். மசோதா மேலவையில் தோற்றது. 1892-இல் கையொப்பம் இருமடங்காயிற்று. அப்போதும் சட்டம் நிறைவேறவில்லை. மது வணிகர் கடுமையாக எதிர்த்தனர். மதுக்கடைகளிலேயே எதிர் விண்ணப்பங்களுக்குக் கையொப்பம் திரட்டப்பட்டது. இருமுறை தோற்றவர்கள் அதே கதவுகளை மூன்றாம் முறையும் தட்டுவது எளிதா? ஆயினும் தட்டினார்கள்.

1893-இல் ஏறத்தாழ 32,000 பெண்கள் கையொப்பமிட்டனர். ஐரோப்பிய வழிவந்த, வயது வந்த பெண்களில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர்! வந்து குவிந்த தாள்களை அம்மையார் தம் இல்லத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் துடைப்பக் கம்பில் சுற்றினார். அச்சுருளின் நீளம் சுமார் 270 மீட்டர். உறுப்பினர் ஜான் ஹால் அதனைப் பாராளுமன்றத்தில் உருட்டிவிட, அது அவையின் கோடிச் சுவரில் சென்று முட்டியது. மேலவையில் 20 வாக்குகள் சார்பாகவும் 18 எதிராகவும் விழுந்தன. செப்டம்பர் 19-இல் ஆளுநர் ஒப்பமிட்டார். மண்ணின் மக்களாகிய மவோரி இனப் பெண்களும் அவ்வுரிமை பெற்றனர். நவம்பரில் நடந்த தேர்தலில் 90,000-க்கு மேற்பட்ட பெண்கள் வாக்களித்தனர்.

அத்துடன் போராட்டம் முடியவில்லை. பாராளுமன்றத்துக்குப் போட்டியிடும் உரிமை 1919-இல்தான் கிடைத்தது. முதல் பெண் உறுப்பினராக எலிசபெத் மெக்கூம்சு 1933-இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதைக் கண்ணாரக் கண்டபின், 1934-இல் அம்மையார் மறைந்தார்.

அந்த விண்ணப்பச் சுருள் இன்றும் வெலிங்டன் நகரில் காக்கப்படுகிறது. அதில் கையொப்பமிட்ட பெண்களுள் மிகப் பலரை எந்த வரலாற்று நூலும் அறியாது. நண்பர்களே, முதன்முறை வாக்களிக்கச் செல்லும் நம்மில் சிலருக்கு வரிசையில் நிற்பது சலிப்பாகத் தோன்றலாம். அவ்வேளையில், தோல்விக்குப் பின்னும் தாளும் மையும் ஏந்தி வீதியில் நடந்த அந்தப் பெண்களை ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.