ஹாஃப்கினும் ஒரு மருந்துப் புட்டியும்

1898-ல் பெங்களூருக்குள் பிளேக் புகுந்தது. நம்ம தொரப்பள்ளிக்கு அது கூப்பிடு தூரம்தான். பிளேக் மாரியம்மனை மக்கள் வேண்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பிளேக்குக்குத் தடுப்பூசி தந்தவர் வால்டெமார் ஹாஃப்கின்.

1860-ல் ஒடெஸா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காலரா தடுப்பூசி கண்டு, 1893-ல் இந்தியா வந்தார். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. புதிய மருந்தை 1897 ஜனவரி 10 அன்று முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். ஊரான் பிள்ளை மேல் சோதனை பார்க்கிற ஆள் இல்லை அவர்!

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் கிராமம். அன்று 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் 53-என் என்று எண்ணிட்ட ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் தசைவிறைப்பு ஜன்னி கண்டு இறந்தார்கள். மற்ற புட்டிகளில் போட்டவர்களுக்கு ஒண்ணும் ஆகவில்லை.

பழி யார் மேல்? ஹாஃப்கின் தம் ஆய்வகத்தில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டு, சூட்டினால் கிருமி நீக்கும் முறைக்கு மாறியிருந்தார். அப்போ தப்பு அங்கேதான் என்று விசாரணைக் குழு முடிவு கட்டியது. பதவி போயிற்று, 1904-ல் இந்தியாவை விட்டே போனார்.

ஆனால் சாட்சியங்களைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. மூடியைத் திறக்க வைத்திருந்த இடுக்கி கீழே மண்ணில் விழுந்திருக்கிறது. உதவியாளர் அதைத் தீயில் காட்டாமல் கார்பாலிக் கரைசலில் அலசிவிட்டு உபயோகித்திருக்கிறார். மண்ணில் இருக்கும் ஜன்னிக் கிருமியின் வித்துக்கு இந்த அலசல் எம்மாத்திரம்? கிருமி ஆய்வகத்திலேயே புகுந்திருந்தால் புட்டி திறக்கும்போதே நாறியிருக்க வேண்டும். வாடை எதுவும் வந்ததாகச் சாட்சியம் இல்லை.

இன்றைக்கு ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவுக்குள் கருவிகளோடு, சூட்டுக்கு எளிதில் சாகாத கிருமி வித்து தடவிய ஒரு சீட்டையும் வைக்கிறார்கள். 121 டிகிரி நீராவியில் வெந்த பிறகு அதை எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். முளைத்தால் இயந்திரம் சரியில்லை. முல்கோவாலில் இடுக்கிக்கு அப்படி ஒரு சோதனையும் இல்லை. யார் எதை எப்படிக் கழுவினார் என்பதை வாய்ச் சாட்சியாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. அதற்கே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

1907 ஜூலையில் ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஹாஃப்கினுக்காக எழுதினார்கள். அவர் குற்றமற்றவர் என்றானது. பிறகு இந்தியா திரும்பி, கல்கத்தா ஆய்வகத்தில் பணியாற்றினார். 1925-ல் பம்பாய் பரேல் ஆய்வகத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயரிட்டார்கள். 1930-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.